ஆலா முட்டையிட்ட நிலம்

மச்சாளின் சைக்கிளை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அதன் பாரில் கட்டியிருந்த வெள்ளைத் தண்ணீர்க் குழாய்தான். பிளாஸ்டிக் குழாயை ஒன்றரை முழத்துக்கு வெட்டி, பழைய டியூப் துண்டுகளால் இறுக்கி, அதற்குள் தொலைநோக்கியை நிறுத்தும் முக்காலியைச் செருகி வைத்திருந்தார். அந்தப் பார் வேண்டும் என்பதற்காகவே ஆம்பிளைச் சைக்கிள் ஓடினார். முன்கூடையில், கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய தொலைநோக்கி துவாயில் சுற்றிப் படுத்திருக்கும். தண்ணீர்ப் போத்தல், குடை, பாண், பொலித்தீன் பையில் போட்ட கொப்பி எல்லாம் என் சைக்கிளின் பின் கரியலில். குண்டும் குழியும் வந்தால் மச்சாள் இறங்கி உருட்டுவார். "என்ர முள்ளந்தண்டு தாங்கும் பிள்ளை, கண்ணாடி தாங்காது" என்பார்.

அவர் என் கணவரின் அக்கா. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. கலியாணம் செய்யவில்லை. லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் விடியவே உப்புவெளியிலிருந்து வெளிக்கிட்டு, நிலாவெளிப் பக்கத்துக் கடல்நீர்க் களப்புவரை சைக்கிளில் போய்ப் பறவை எண்ணுவார். துணைக்கென்று போன நான் ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நடுத்தர வயதில் இரண்டு பெண்கள் சைக்கிளில் குருவி பார்க்கப் போவது ஊருக்குப் பெரிய பகிடி. அது பரவாயில்லை. ஒருநாள் வீதியில் மறித்த பொலிஸ்காரர் அந்தக் குழாயைக் கழற்றச் சொல்லி, முக்காலியின் ஒவ்வொரு காலையும் இழுத்துப் பார்த்து, அரை மணித்தியாலம் எங்களை வெயிலில் நிற்பாட்டினார். அந்த நேரம் முழங்கை நீளக் கமராக்களோடு வெளிநாட்டுக்காரரின் வேன் ஒன்று எங்களைக் கடந்து போனது. அதைப் பொலிஸ்காரர் கையசைத்து அனுப்பிவைத்தார். எனக்கு அந்தக் கையசைப்பு இன்னும் ஆறவில்லை.

களப்பின் ஓரத்தில், மாரி வெள்ளம் வற்றிய பிறகு வெடித்துக் கிடக்கும் வெறும் நிலம் ஒன்று உண்டு. புல்லும் இல்லை, மரமும் இல்லை. பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லாத நிலம். வெயில் ஏறும் மாதங்களில் அங்கேதான் சின்ன ஆலாப் பறவைகள் முட்டையிடும். கூடு என்று எதுவும் கட்டாது. மண்ணில் ஒரு சின்னக் குழி, அதில் மண்ணின் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள். மச்சாள் கிட்டப் போகமாட்டார். தூரத்தில் முக்காலியை விரித்து, அடைகாக்கும் தாய்ப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியில் எழுதுவார்.

அந்த நிலத்தை மண் போட்டு நிரப்பி விடுதி கட்டப்போகிறார்கள் என்ற கதை வந்தபோது, அதற்கென ஒரு சுற்றாடல் அறிக்கையும் வந்தது. எழுதியவர் ஒரே ஒரு நாள், அதுவும் மாரியில், நிலம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது வந்து போனவர். "தரிசு நிலம். பறவைகள் தங்கும் இடம் அல்ல" என்று எழுதியிருந்தார். ஊரவர்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்ட கூட்டத்துக்கு மச்சாள் தன் கொப்பிகள் அத்தனையையும் கொண்டுபோனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அறிக்கைக்காரர் கொப்பியைத் திறக்கவேயில்லை. "நீங்கள் எந்த யூனிவசிற்றியில விலங்கியல் படிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"படிக்கேல்ல. நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிறனான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை. "குளிசை எண்ணிக் குடுக்கிறது என்ர வேலை. நான் பிழையா எண்ணினால் ஆள் செத்துப்போகும். இதையும் அப்பிடித்தான் எண்ணினனான். வாற ஞாயிறு வாங்கோ, காட்டுறன்."

அறிக்கைக்காரர் வருவதாகத் தலையாட்டினார். கொப்பிகளைப் பிரதி எடுத்துவிட்டுத் தருவதாக வாங்கி வைத்துக்கொண்டார். ஞாயிறு நாங்கள் மத்தியானம்வரை வெயிலில் காத்திருந்தோம். அவர் வரவில்லை.

முடிவு எதுவும் அறிவிக்காமலே மண் ஏற்றிய டிப்பர் லொறிகள் வந்தன. அதுவும் ஆலாக்கள் அடைகாத்துக்கொண்டிருந்த கிழமையில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மூலை ஏற்கெனவே சிவப்பு மண்ணால் மூடப்பட்டிருந்தது. அதற்கு மேலே பறவைகள் கத்திக் கத்திச் சுழன்றன. அடுத்த டிப்பர் வருவதைக் கண்டதும் மச்சாள் தன் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே படுக்கப் போட்டார். தொலைநோக்கி கூடையில் இருக்கிறதே என்று நான் கத்தினேன். அவருக்கு அது கேட்கவில்லை.

டிரைவர் கிண்ணியாக்காரர். கோபத்தோடு குதித்து இறங்கியவர், மச்சாளின் முகத்தைப் பார்த்ததும் தணிந்துவிட்டார். "மிஸ், நீங்க ஆஸ்பத்திரியில மருந்து தாறவங்கதானே? எங்கட உம்மாக்குச் சீனி வருத்தத்துக்கு நீங்கதான் தாற."

"ஓம். இதுக்குள்ள ஒருக்காப் பாருங்கோ, பிறகு கொட்டுங்கோ" என்று சொல்லி மச்சாள் முக்காலியை விரித்தார். நல்லகாலம், துவாய் கண்ணாடியைக் காப்பாற்றியிருந்தது.

டிரைவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது, "முட்டைக்கு மேல சிறகை விரிச்சுக்கிட்டு நிக்கிது. வெயிலுக்கு நிழல் குடுக்கிது" என்றார். பிறகு மெதுவாக, "நான் இண்டைக்குக் கொட்டமாட்டன் மிஸ். ஆனா நாளைக்கு வேற ஆள அனுப்புவாங்க" என்று சொல்லி மண்ணோடு திரும்பிப் போனார்.

அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த நாள் மச்சாளுக்கு டியூட்டி. நான் தனியே போனேன். பாதி நிலம் நிரம்பியிருந்தது. அந்த மண்ணின் கீழே எத்தனை முட்டை என்று எந்த அறிக்கையிலும் இல்லை. எத்தனையோ மேசைகளில் இருந்த படித்த மனிதர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிடைக்கவில்லை. ஒரு டிப்பர் டிரைவருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

போன மாதம் விடுதி திறந்தது. மீதிப் பாதி நிலத்தைப் பார்த்தபடி மரத்தால் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள், பறவை பார்க்கவாம். விருந்தினர்களுக்குப் புதுச் சைக்கிளும் பைனாகுலரும் வாடகைக்கு. மேடைக்குப் பக்கத்தில் வர்ணப் பலகை ஒன்றில் இங்கே காணக்கூடிய பறவைகளின் பட்டியல். ஒரு ஞாயிறு நானும் மச்சாளும் மேடையில் ஏறி அதை வாசித்தோம். மச்சாளின் கொப்பியில் இருந்த அதே வரிசை. ஒரே ஒரு மாரியில், ஒரே ஒரு தடவை நாங்கள் கண்ட பூநாரைக் கூட்டமும் அதில் இருந்தது. திருப்பித் தராத கொப்பிகள் எங்கே போயின என்று அப்போதுதான் விளங்கியது. மச்சாளின் பெயர் எங்கும் இல்லை.

"பலகையைப் பிடுங்கி எறிவம் மச்சாள்" என்றேன். உண்மையாகவே என் கை அதன் விளிம்பில் இருந்தது.

"விசரே உனக்கு? கையை எடு பிள்ளை." அவர் போனை எடுத்து அந்தப் பலகையை மேலிருந்து கீழ்வரை மூன்று படம் பிடித்தார். "பறவையே இல்லாத நிலம் எண்டு எழுதிக் குடுத்தவையள், இப்ப தாங்களே பேர் பேராய் எழுதி நட்டு வைச்சிருக்கினம். மிச்சத்தையும் நிரப்பி விடுதியைப் பெருப்பிக்க எப்பிடியும் மனுப் போடுவினம். அண்டைக்கு நான் கொப்பி கொண்டுபோகத் தேவையில்லை. இந்தப் படம் போதும்."

நான் அவரைப்போலப் பொறுமைக்காரி இல்லை. எனக்கு அந்தக் கோபம் அப்படியே கிடக்கிறது, அதைத் தணிக்க எனக்கு விருப்பமும் இல்லை. அன்று மேடையில் நின்ற விடுதிக்காரப் பெடியன் ஓடிவந்து, விருந்தினர் அல்லாதவர்கள் அங்கே நிற்க ஏலாது என்றான். மச்சாள் இறங்கி, வேலிக்கு வெளியே வீதியோரம் முக்காலியை விரித்து எண்ணத் தொடங்கினார். நான் புதுக் கொப்பியில் திகதியைப் போட்டு, அதற்கு மேலே, முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில் அவருடைய முழுப் பெயரையும் எழுதினேன்.