பிளிமத்தில் சோறு கொடுத்தது யார்?

நூருன்னிசாவுக்கு நாற்பத்து மூன்று வயது. ரங்கூன் நகரத்துப் பபேடான் வட்டாரத்தில் ஒரு மழலையர் பள்ளியில் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளை மேய்க்கிறாள். எத்தனை மூக்கைத் துடைத்திருப்பாள், எத்தனை செருப்புக்கு வார் மாட்டியிருப்பாள், யார் கண்டது? பிள்ளைகள் “சயாமா, சயாமா” என்று காலைக் கட்டிக்கொள்ளும். பர்மாவில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் படித்தது ஏழாம் வகுப்போடு சரி. வாப்பா இறந்ததும் உம்மாவோடு சமோசா மடிக்க உட்கார்ந்தவள், மறுபடி பள்ளிக்கூடப் படி ஏறியது ஆயா வேலைக்குத்தான்.

பள்ளி கை மாறியது. புதிதாக வந்தவர்கள் நல்லவர்கள்தான், மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஜூன் மாதத்துக்குள் பள்ளிப் படிப்புச் சான்றிதழ் காட்டாதவர்கள் வகுப்பில் நிற்க முடியாது. வேண்டுமானால் சமையலறையில் இருக்கலாம்.

“சமையல் எனக்கு வீட்டுலயே இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அமெரிக்காக்காரர்களின் பள்ளித் தேர்வு ஒன்று உண்டு. ரங்கூனிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதலாம். நான்கு பாடம், பாடத்துக்கு நூற்று நாற்பத்தைந்து எடுத்தால் போதும். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றையும் தாண்டிவிட்டாள். சரித்திரம் மட்டும் இரண்டு தரம் காலை வாரிவிட்டது. மூன்றாம் தரமும் போனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஜூன் போய்விடும், வகுப்பும் போய்விடும்.

சொல்லிக்கொடுத்தவன் கார்த்திகேசன். இன்சீன் ரயில் பட்டறைக் குடும்பத்துப் பையன், இருபத்தொன்பது வயது. வாரத்தில் மூன்று நாள், ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் ஏறி வந்து, பபேடானில் ஒரு மாடி அறையில் வகுப்பு நடத்துவான். இவள் அவனைத் தம்பி என்பாள், அவன் இவளை அக்கா என்பான். யார் யாருக்கு வாத்தியார் என்று வெளியாளுக்குத் தெரியாது.

அன்றைக்குப் பாடம் பிளிமத். ஆயிரத்து அறுநூற்று இருபதில் இங்கிலாந்திலிருந்து நூற்றிரண்டு பேர் கப்பல் ஏறினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் கொட்டும் பனியில் இறங்கினார்கள். பனிக்காலம் முடிவதற்குள் பாதிப் பேர் செத்துப்போனார்கள்.

நூருன்னிசா பேனாவைக் கீழே வைத்தாள். “அம்புட்டு மவுத்தா? அப்ப யாரு தம்பி சோறு குடுத்தா?”

“யாருக்குக்கா?”

“மவுத்து வீட்டுக்கு.”

அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் குடியிருக்கும் கட்டிடத்தில் எந்த மதத்துக்காரர் வீடானாலும் சாவு விழுந்தால் மூன்று நாள் அடுப்பு எரியாது. முதல் பானைச் சோறு சுவர் ஒட்டிய வீட்டிலிருந்துதான் போக வேண்டும். மேல்மாடி, கீழ்மாடி எல்லாம் அதற்குப் பிறகு.

“அது பாடத்துல இல்லக்கா.”

“பாடத்துல இல்லேன்னா நடக்கலையா?”

மாதிரித் தேர்வில், குடியேறிகள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்கு, ‘பனிக்காலத்திலேயே அக்கம்பக்கத்து மக்கள் உணவு தந்தார்கள்’ என்ற விடைக்குக் கோடு போட்டாள். தப்பு. அந்த மண்ணின் மக்கள் வந்து பேசியது பனி விட்ட பிறகு, மார்ச் மாதத்தில். கார்த்திகேசன் விரலை வைத்து வரியைக் காட்டினான். அவள் பார்க்க மாட்டேன் என்றாள்.

“பக்கத்துல சாவு விழுந்து கெடக்கையில மார்ச்சு வரைக்கும் பார்த்துக்கிட்டு இருப்பாங்களா? நான் நம்ப மாட்டேன்.”

“பக்கத்துலதான் யாருமே இல்லையேக்கா! அந்த இடத்துல ஒரு ஊரே இருந்துச்சு. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி நோய் வந்து மொத்தமா செத்துப்போயிட்டாங்க. அவங்க திருத்தி வச்ச நிலத்துலதான் இவங்க போய் உட்கார்ந்தாங்க. வந்த புதுசுல, வேற ஆளுங்க புதைச்சு வச்சிருந்த சோளத்தைக்கூடத் தோண்டி எடுத்துக்கிட்டாங்க.”

அவள் முகம் மாறிப்போனது. “அப்ப மவுத்து வீட்டுக்குள்ளயா போய் அடுப்பு மூட்டுனாங்க?”

அவன் புத்தகத்துக்குத் திரும்பினான். அடுத்த வரியை வாசித்தான். அந்த ஊர்க்காரன் ஒருவன் மட்டும் மிச்சம். அவன்தான் வந்து, மீனைப் புதைத்து அதன் மேல் சோளம் போடச் சொல்லிக்கொடுத்தான்.

“அவனுக்கு யாரு சோறு குடுத்தா?” என்றாள் நூருன்னிசா.

“அக்கா, நீங்க பாஸ் பண்ணணும். அதை மட்டும் யோசிங்க. கேட்டதுக்கு, எழுதியிருக்கறதை வச்சுப் பதில் சொல்லுங்க.”

மூன்றாம் தேர்வு மே மாதக் கடைசியில், காலை ஒன்பதரைக்கு. அன்றைக்கு விடியும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அழுகுரல் கேட்டது. பக்கத்து வீட்டு வேலம்மாவின் மாமியார், தொண்ணூறு வயது, இரண்டு வருஷமாகப் படுக்கை, போய்விட்டாள்.

நூருன்னிசா கூந்தலை முடிந்துகொண்டு எழுந்தாள். கரண்ட் ஒன்பது மணிக்குத்தான் வரும். கரியடுப்பை இழுத்தாள். இரவு மழையில் கரி நமுத்துப்போயிருந்தது.

கணவர் அய்யூப் கும்பிடாத குறை. “நூரு, நீ பரீட்சைக்குப் போ. நான் கடையில வாங்கிக் குடுத்துடுறேன்.”

“கடைச் சோறா? சுவர் ஒட்டுன வீடு நம்ம வீடு மச்சான்.”

“வேலை போயிடுமே!”

“விசிறுங்க.”

அவர் விசிறினார். புகைதான் வந்தது. பருப்பு வேகவே எட்டு மணி ஆயிற்று. பிறகு ரசம். இருபது பேருக்கான அரிசியைப் பெரிய பானையில் போட்டபோது மணி எட்டே முக்கால். ஒன்பதுக்கும் உலை கொதிக்கவில்லை.

“கொதி வந்து பத்தே நிமிஷம், வடிச்சிடுங்க. மறந்துடாதீங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தேர்வு மையத்தில் பதினைந்து நிமிஷம் வரை பொறுப்பார்கள். அவள் உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டு நிமிஷம் கடந்திருந்தது. கையில் வெங்காய வாசம். தட்டச்சுப் பலகையைத் தொடவே கூச்சமாக இருந்தது.

ஏழாவதோ எட்டாவதோ, வந்தது அந்தப் பாடம். அதில் முதல் கேள்வி: பிளிமத்துக்கு உதவி எப்போது வந்தது? கை பனிக்காலத்துக்குத்தான் போனது. திரையில் எழுதியிருந்ததை மறுபடி வாசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வசந்தகாலத்தைத் தொட்டாள். மனசு ஒப்பவில்லை, தொட்டாள், அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு கடிதம். ‘இங்கே நிலம் காலியாகக் கிடக்கிறது, நமக்காகவே திருத்தி வைத்தது போல’ என்று குடியேறி ஒருவர் ஊருக்கு எழுதுகிறார். கேள்வி: இவர் எதைச் சொல்லாமல் விடுகிறார்?

நூருன்னிசா நான்கு விடைகளையும் வாசிக்கக்கூட இல்லை. நிலத்தைத் திருத்தியது யார் என்பது எதில் இருக்கிறதென்று மட்டும் தேடினாள். மூன்றாவதில் இருந்தது.

மாலையில் அவள் வேலம்மா வீட்டில் காலிப் பானையை எடுக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. முந்தானைக்குள் வைத்து மெதுவாகப் பேசினாள்.

“அக்கா, நூத்து நாப்பத்தேழு!” கார்த்திகேசன் கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

அவள் சட்டென்று போனைப் பொத்தினாள். சாவு வீடாயிற்றே.

வேலம்மா அழுது வீங்கிய கண்ணோடு நிமிர்ந்தாள். “பாஸா? சொல்லேண்டி நூரு, இதுக்குப் போயி ஏன் ஒளிக்கிற?”

“பாஸ்க்கா. ஜூன்ல வகுப்புக்குப் போவேன்.”

“நல்லா இரு.” வேலம்மா மூக்கைச் சிந்தினாள். “ஆனா ஒண்ணு. சோறு ஒரேயடியாக் குழைஞ்சு போச்சு.”

“மச்சான் வடிச்சது” என்றாள் நூருன்னிசா.

“அதானே பார்த்தேன்.” வேலம்மாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. “எங்க அத்தைக்குப் பல்லு கிடையாது. உசுரோட இருந்திருந்தா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னிருக்கும்.”

நூருன்னிசா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நாளைக்கு மேல்மாடிக்காரங்க முறை. இருந்தாலும் நானே கொண்டாறேன். குழையாம கொண்டாறேன்.”