உப்பில்லாத எட்டாவது ரொட்டி

யூராலி சனிக்கிழமைதோறும் எட்டு ரொட்டி சுடுவாள். ஏழுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைவாள். எட்டாவதற்கு வெறும் தண்ணீர்தான். ஏழில் ஆறு அக்கம்பக்கத்துக்கு விலைக்குப் போகும், ஒன்று அவளுக்கு. எட்டாவது ரொட்டி அவள் புருஷன் ஜெர்வேஸுக்கு. தேங்காய்ப்பால் அவனுக்கு ஆகாது. ஒரு வாய் தின்றால் போதும், நெஞ்செரிச்சலில் புரண்டு புரண்டு படுப்பான். கரீபியக் கடலின் கரியாகு தீவில் பிறந்துவிட்டுத் தேங்காய் ஆகாது என்று வெளியே சொல்ல முடியுமா? சின்ன வயதில் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் தின்று தொலைத்தவன், கல்யாணமான பிறகுதான் பெண்டாட்டி காதில் மட்டும் போட்டுவைத்தான். அது அவர்கள் இரண்டு பேரின் ரகசியம். ஒரு தாம்பத்தியத்தில் இப்படி எதையாவது வைத்துக்கொண்டுதானே காலம் தள்ளுகிறோம்.

அவன் கப்பலேறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. லெஸ்டேர் கடற்கரையிலிருந்து பாய்க்கப்பலில் டிரினிடாட் போனான். அங்கே பெரிய சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்ததாக எழுதினான். முதல் வருஷம் நாலு கடிதம், அடுத்த வருஷம் ஒன்று. அதற்கப்புறம் தபால்காரர் அவள் வாசலில் நின்றதே இல்லை. கடல் கொண்டுபோயிற்றா, ஏதாவது துறைமுகத்தில் இன்னொருத்தி கொண்டுபோனாளா, யாருக்கும் தெரியாது. தெரியாத சங்கதி என்றால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

"என்ன யூராலி, வீட்டுக்காரர் சௌக்கியமா? ரொட்டியெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று மாவுக் கடைக்காரி ஹெஸ்கத் கேட்பாள். கடையில் நிற்கிற நாலு பேரும் சிரிப்பார்கள்.

"உன் வீட்டுக்காரனைவிட நல்லா சாப்பிடறார். வீட்டுல பொம்பளை வாய் மூடியிருந்தா சாப்பாடு நல்லா இறங்கும்," என்று யூராலி திருப்பிக் கொடுத்துவிட்டு மாவை வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கண் கலங்கும்.

எட்டாவது ரொட்டி அவன் நாற்காலிக்கு எதிரே துணி மூடி இரண்டு நாள் இருக்கும். திங்கட்கிழமை காலையில் அவன் தங்கை ஒலிவின் வந்து தன் பன்றிக்கு எடுத்துப்போவாள். "என் அண்ணன் பங்கைத் தின்னு தின்னு இந்தப் பன்னிக்கு நடக்கவே முடியல அண்ணி," என்பாள். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிற சிரிப்பு அது ஒன்றுதான்.

இந்தத் தீவில் செத்தவர்களுக்குப் பசித்தால் சும்மா இருக்கமாட்டார்கள். உறவுக்காரர் கனவில் வந்து இன்னது வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டதைச் சமைத்து, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடவேண்டும். பெரியவர் தட்டு என்று அதற்குப் பெயர். அதில் உப்பு மட்டும் கூடாது. ஒரு கல் உப்பு விழுந்தாலும் வந்த செத்தவர்கள் தொடாமல் திரும்பிவிடுவார்கள். ஜெர்வேஸ் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் யூராலியின் கனவில் வந்ததில்லை. ஆகவே அவன் உயிரோடுதான் இருக்கிறான். உயிரோடிருப்பவன் ஏன் எழுதவில்லை என்ற கேள்வியை அவள் அதற்குமேல் கிளறமாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஒலிவின் வந்தவள் ரொட்டியை எடுக்காமல் படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அண்ணன் என் கனவுல வந்துச்சு."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த யூராலியின் கை நின்றது.

"சொட்டச் சொட்ட நனைஞ்சு நின்னுச்சு. எல்லாரும் திங்கறாங்க, என்னை மட்டும் யாரும் கூப்பிடலன்னு அழுதுச்சு. தட்டு வெச்சுடணும் அண்ணி."

"என்ன வேணும்னு கேட்டாரு?"

"வேற என்ன கேக்கும்? உங்க கை ரொட்டிதான். தேங்காய்ப்பாலைத் தாராளமா ஊத்தி, மேல சர்க்கரை தூவி வேணுமாம்."

யூராலி திரும்பிப் பார்த்தாள். ஒலிவின் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த பிறகு நெஞ்செரிச்சல் நின்றுவிடும் என்று வேண்டுமானால் யாராவது வாதாடலாம். யூராலிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ஒலிவின் கனவே காணவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கோபம்தான் வந்தது. இல்லாத கனவைச் சொல்வது இந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். ஒரு வார்த்தை வெளியே விட்டால் போதும், ஒலிவின் சர்ச்சில் தலைகாட்ட முடியாது.

"ஊருக்கே சோறு போடணுமே, கறிக்கு என்ன பண்ணுவே?" என்று மட்டும் யூராலி கேட்டாள்.

"பன்னியை அடிச்சுடலாம்."

"அதைத்தானே கிறிஸ்துமஸுக்கு விக்கறதா இருந்தே?"

"போகட்டும் அண்ணி." ஒலிவின் மூக்கை உறிஞ்சினாள். "தட்டு வெச்சுட்டா நீங்க கறுப்பு உடுத்திக்கலாம். புருஷன் செத்தவன்னு ஆயிடும். அப்புறம் அந்த ஹெஸ்கத் வாயத் திறக்கட்டும் பாப்போம், கிழிச்சுடறேன்."

யூராலிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பொய்யில் ஒலிவினுக்கு ஒரு லாபமும் இல்லை. பன்றி நஷ்டம், பாவம் வேறு. பதினெட்டு வருஷத்தில் அவளுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"சனிக்கிழமை வை," என்றாள். "ரொட்டி நான் சுடறேன்."

சனிக்கிழமை காலையில் ஏழு ரொட்டிக்கான மாவையும் உப்பில்லாமல் பிசைந்து மூடினாள். எட்டாவதற்கு மாவை ஒதுக்கித் தண்ணீர் ஊற்றினாள். கை தானாகவே ஜாடிக்குள் போய் ஒரு சிட்டிகை உப்போடு வந்தது. போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உப்பைப் போட்டால் ஜெர்வேஸ் உயிரோடிருக்கிறான். எங்கோ ஒரு துறைமுகத்தில், அவன் நெஞ்செரிச்சலைத் தெரிந்துகொண்ட இன்னொருத்தியின் கையால் தின்றுகொண்டிருக்கிறான். போடாவிட்டால் அவன் செத்துப்போனான். ஆனால் அவளை விட்டுவிட்டு ஓடவில்லை. எந்த ஜெர்வேஸ் வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் ஓவென்று அழுதிருப்பாள். கேட்க யாருமில்லை. உள்ளங்கை வியர்த்து உப்பு கரைய ஆரம்பித்தது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மாவைப் பிசைந்தாள். இத்தனை வருஷமும் தனியாகத்தான் இருந்தாள். ஆனாலும் அந்த நிமிஷத்தில்தான் தனியாகிவிட்டது போல இருந்தது.

மாவு பொங்கியதும் முற்றத்துக் கல் அடுப்பிலிருந்து தணலை வாரினாள். அது ஜெர்வேஸ் கட்டிய அடுப்பு. சூடு பார்க்க ஒரு பிடி காய்ந்த மாவை அடுப்பின் உள்தரையில் வீசினாள், கறுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வீசினாள், பொன்னாகச் சிவந்தது. எட்டையும் வாழையிலையில் வைத்து உள்ளே தள்ளினாள்.

சாயங்காலம் ஒலிவின் வீட்டு மேஜையில் பன்றிக்கறி, சோளக்கூழ், கோழி, ரம் எல்லாம் வைத்தாயிற்று. யூராலி எட்டாவது ரொட்டியை நடுவில் வைத்தாள். ஊர் ஜனம் வாசலில் நின்றது. ஹெஸ்கத்தும் தலையில் துணி போட்டுக்கொண்டு வாயை மூடி நின்றாள்.

ஒலிவின் ரொட்டியைப் பார்த்து, "சர்க்கரை தூவலையா அண்ணி?" என்று கிசுகிசுத்தாள்.

யூராலி அவள் காதருகே குனிந்தாள். "உங்கண்ணனுக்குத் தேங்காய்ப்பாலே ஆகாதுடி. நெஞ்சு எரியும். இது தண்ணி ரொட்டி. அடுத்த தடவை கனவு காணும்போது ஞாபகம் வெச்சுக்கோ."

ஒலிவினுக்கு முகம் செத்துப்போயிற்று. யூராலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் கலையும்வரை விடவில்லை.

அடுத்த வாரம் யூராலி கறுப்பு உடுத்திக்கொண்டு கடைக்குப் போனாள். ஹெஸ்கத் ஒன்றும் கேட்காமல் மாவை நிறுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை ஏழு ரொட்டிக்குத்தான் மாவெடுத்தாள். கை கேட்கவில்லை, எட்டாவதற்கும் ஒதுக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டது. உப்பும் போட்டுவிட்டது. இரண்டு நாள் அது துணி மூடியபடி இருந்தது.

திங்கட்கிழமை அதைத் தின்னப் பன்றி இல்லை. யூராலி அவன் நாற்காலியில் உட்கார்ந்து முதல்முறையாக அந்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். உப்பிருந்தும் தேங்காய்ப்பால் இல்லாமல் சப்பென்று இருந்தது. "இதையா ஒரு குறையும் சொல்லாம தின்னீங்க?" என்று எதிரே பார்த்துக் கேட்டாள். பிறகு முழுவதையும் மெல்ல மெல்லத் தின்று முடித்தாள்.