முழுச் சம்மதத்துடன்

எழுபதுகளின் தொடக்கத்தில் டில்லியில், ராணுவப் பென்ஷன் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான் கிளார்க். ஒருநாள் ஹரியானா கிராமத்துப் பெரியவர் ஒருவர், போரில் இறந்த தன் மகனின் மனைவியை அழைத்து வந்தார். அவளைக் கொழுந்தனுக்கே கட்டிவைப்பது அவர்கள் வழக்கம். வெளியே யாரையாவது மணந்தால் பென்ஷன் நின்றுவிடும்; கொழுந்தனை மணந்தால் நிற்காது. ‘முழுச் சம்மதத்துடன் மணக்கிறேன்’ என்ற படிவத்தில் அவள் கைநாட்டு வைக்க வேண்டும்.

எனக்கு உள்ளூரப் பொறாமை. இருபத்திரண்டு வயதில் விதவையான என் தங்கை, மோதி பாக் குவார்ட்டர்ஸில் என்னோடுதான் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் மறுமணம் என்ற பேச்சே கிடையாது.

மாமனார் தண்ணீர் குடிக்கப் போனதும், முக்காட்டுக்குள்ளிருந்து அவள், நானும் பெண் என்பதாலோ என்னவோ, இந்தியில் மெல்லக் கேட்டாள்.

“பஹன்ஜி, நான் மாட்டேன்னு சொன்னா பென்ஷன் நின்னுடுமா?”

நிற்காது. விதவையாகவே இருந்தாலும் வரும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான், “உங்க வழக்கம் எவ்வளவு நல்லது! எங்க பக்கம் இதெல்லாம் நடக்காது. ஜல்தி வைம்மா” என்று, அவள் விரலைப் பிடித்து மையில் அழுத்தினேன்.

அன்று மாலை இதைத் தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“அவளுக்கு இஷ்டமான்னு கேட்டியாக்கா?”

நான் விளக்கைப் போட எழுந்தேன்.

“என்கிட்டயும்தான் நீ கேட்டதில்ல.”

எந்த ஊர் வழக்கம் உசத்தி என்று எடைபோடத் தெரிந்த எனக்கு, எதிரே நின்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. தங்கைக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.