நிலைப்படியில் நின்ற முகம்

அறைக்குள்ளிருந்து தரதரவென்று சத்தம் வந்தது. சிமெண்டுத் தரையில் டிரங்குப் பெட்டியை யாரோ இழுக்கிறார்கள். கூடத்தில் நின்றிருந்த பீர் முகமதுவுக்குத் தன் நெஞ்சின் மேலேயே அதை இழுப்பது போலிருந்தது.

"வன்னியம்பட்டி பஸ்சு பன்னெண்டு மணிக்கு. போய் ஒங்கப்பன் வீட்டுல இரு. நீ இங்க இருக்கது பிடிக்காமத்தான் அவ வந்து நிக்கா!" கோதைநாயகியின் குரல் அது. மருமகள் பங்கஜவல்லியிடமிருந்து விசும்பல்தான் பதில். பாவம், கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ. கோதைநாயகியின் மகன் யதிராஜனும் பங்கஜவல்லியும் மாலையோடு நிற்கிறார்கள். பின்னால் இருண்ட நிலைப்படியில், மங்கலாக ஒரு பெண்ணின் முகம். பிரசவத்தில் செத்துப்போன மூத்த தாரம் செங்கமலம்தான் அது என்று ஸ்ரீவில்லிபுத்தூரே பேசியது. செங்கமலம், கோதைநாயகியின் அண்ணன் மகள்.

போட்டோ எடுத்தவர் பீர் முகமது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். படம் கெட்டால் "கண்ண மூடிட்டீங்க", "ஆடிட்டீங்க" என்று வந்தவர் மேல் பழி போடுவார். தன் கை தவறியது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இது நடந்த 1986-ல், இந்தப் படத்தைக் கேள்விப்பட்டு 'பேய் பிடிக்கிற கேமரா' என்று கடைக்குக் கூட்டம் வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பங்கஜவல்லியைத் தாய்வீட்டுக்குத் துரத்தப் போகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் பஸ் ஏறி இங்கே வந்தார்.

கோதைநாயகி வெளியே வந்தாள். "நீ எதுக்குய்யா வந்த?"

"அம்மா, அது பேய் இல்ல. என் தப்பு. அன்னைக்குக் காலையில பேங்கு லோனுக்காக ஒரு அம்மாவ எடுத்தேன், கருப்புத் துணிக்கு முன்னால உக்கார வச்சு. பொறவு பிலிம சுத்த மறந்துட்டேன். அதுலயே இவியளையும் எடுத்துட்டேன். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துருச்சு."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"கழுவும்போதே தெரிஞ்சுது. மை தொட்டு மறைக்கப் பாத்தேன். இன்னும் பேய் மாதிரி ஆயிருச்சு."

"பங்கஜவல்லி அப்பன் எம்புட்டுக் குடுத்தான், இப்படிச் சொல்ல?"

பீர் முகமது வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "கருத்தம்மா, உள்ள வாங்க."

லோனுக்குப் படம் எடுத்துக்கொண்ட கூமாப்பட்டிக்காரி கருத்தம்மா படியேறி வரும்போதே பொரிந்தாள். "அப்ப என் படம் கெட்டது நான் கண்ண மூடுனதால இல்லையா, பாய்? ரெண்டு தரம் என்னைய அலைய விட்டதுமில்லாம, உசுரோட பேயாக்கி வேற வச்சிருக்கியே, நீ வெளங்குவியா?"

அதுவரை தாய்க்குப் பயந்து தூணோடு தூணாக நின்ற யதிராஜன் போட்டோவைக் கழற்றிக் கருத்தம்மாவின் முகத்தருகே பிடித்தான். அதே மூக்குத்தி. அதே வெட்டுத் தழும்பு, இடது புருவத்தில்.

"செங்கமலத்துக்கு ஏதும்மா தழும்பு?"

யதிராஜன் போட்டோவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். பெட்டி திரும்பக் கட்டிலுக்கடியில் போகும் சத்தம் கேட்டது.

கோதைநாயகி கருத்தம்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. போட்டோவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "பதினஞ்சு நாளா இந்த மூஞ்சிக்குத்தானய்யா வெளக்கேத்தினேன். எஞ்செங்கமலம் திரும்பி வந்துட்டாள்னு இருந்தேன். அவள ரெண்டாந்தரம் கொன்னுட்டியே பாவி! இந்தத் தெருவுல இனி ஒன் கேமரா நுழையக் கூடாது. போ வெளிய!"

பீர் முகமது தலைகுனிந்து வாசலுக்கு வந்தார். பின்னாலேயே பங்கஜவல்லி வந்தாள். அழுதழுது வீங்கிய முகம். நன்றி சொல்வாள் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"பதினஞ்சு நாளும் ஒங்களுக்குத் தெரியும். ஒருத்தி இங்க செத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கடையில கூட்டம் பாத்துக்கிட்டு இருந்தீக."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னும் திட்டிக்கொண்டிருந்த கருத்தம்மாவின் பின்னால் தெருவில் இறங்கினார். பங்கஜவல்லி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.