டாக்டர் சிவபாலனின் ரஃப் தாள்கள்

சிவபாலனைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இவ்வளவு படித்த மனுஷன், இவ்வளவு நல்ல மனுஷன், தன்னுடைய அழகான கையெழுத்தாலேயே கெட்டுப்போனான் என்றால் கோபம் வராதா?

1975-இல் சிட்னியில் ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றில் நானும் அவனும் குடியிருந்தோம். நான் சேஷாத்ரி, கும்பகோணத்துக்காரன். ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை. அவன் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரன். மெல்பர்னில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன், ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, மூன்றாம் வாரமே மனைவி யோகாவை அங்கே விட்டுவிட்டு சிட்னிக்கு வந்துவிட்டான். புதிதாக டாக்டர் பட்டம் வாங்கியவர்களைத் தொழிற்சாலை ஆராய்ச்சிக்குப் பழக்குவதற்கு அப்போது ஓர் உதவித்தொகை கொடுத்தார்கள். அதுதான் அவனுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு வருடம் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. முடிவில் கம்பெனிக்குப் பிடித்திருந்தால் நிரந்தரம். பிடிக்கவில்லை என்றால் கைகுலுக்கி வழியனுப்பிவிடுவார்கள். விசாவும் அந்த இரண்டு வருடத்தோடு முடிகிறது. நிரந்தரமானால்தான் யோகாவை அழைக்க முடியும்.

கம்பெனி செவன் ஹில்ஸில் இருந்தது. பெயிண்ட் செய்கிறவர்கள். இரும்புப் பாலங்களுக்குத் துருப்பிடிக்காத ஒரு பூச்சைக் கண்டுபிடிப்பது இவன் வேலை. முதல் நாளே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேலை சம்பந்தமான ஒரு துண்டுத் தாள்கூட கேட்டுக்கு வெளியே போகக் கூடாது, கண்டுபிடித்ததைக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் எங்கும் எழுதக் கூடாது. அதோடு, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மேலதிகாரி ரஸ்ஸல் விதியைச் சொன்னார்: செய்வதை அப்போதைக்கப்போது நேராக இதிலேயே பேனாவால் எழுத வேண்டும். தப்பானால் ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். சாயங்காலம் இன்னொருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

ஆட்டிவிட்டு என்ன செய்தான்? நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். அட்டை போட்ட நோட்டு என்றால் அது ஃபேர் நோட்டு. அதில் கிறுக்கக் கை வருமா? மெல்லிய டைப் தாளில் பென்சிலால் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, ஒரே பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வாரத்தின் வேலையை நோட்டில் ஏற்றுவான். சரியாக வந்த சோதனைகளை மட்டும்.

"வராததை ஏன் டாக்டர் விட்டுட்டீங்க?" என்று நான் பிறகு ஒருநாள் கேட்டேன்.

"பிழையை ஃபேர் கொப்பியில எழுதினா எங்கட மாஸ்டர் பக்கத்தைக் கிழிச்சுப்போடுவார் அண்ணை. திருப்பிச் செய்து சரிவந்த பிறகுதான் எழுத வேணும்."

ரஸ்ஸலையும் சும்மா விடக் கூடாது, அவரும் இதற்கு உடந்தைதான். அந்த முத்துமுத்தான கையெழுத்தைப் பார்த்து மயங்கி, ஐந்து நாள் பக்கங்களிலும் ஒரே மூச்சில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

சரி, ரஃப் தாள்? ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற நல்ல தாளைக் குப்பையில் போட அவனுக்கு மனசு வராது. எனக்கும் வராது. அன்றன்றைக்கு உள்ள தாளைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வாரத்துத் தாள்களை மறுபடி எடுத்துப் போவான். வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள், அன்றைய தாளின் மறுபக்கத்தில் அன்றைக்கே யோகாவுக்குக் கடிதம் எழுதுவான். நோட்டில் ஏற்றியதும் கடிதம் தபாலுக்குப் போகும். மெல்லிய தாள், விமானத் தபாலுக்கு எடையும் குறைவு. அவனுக்கு அதில் பெருமை வேறு. அந்த உறைகளில் பாதியை ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டது நான்தான். கம்பெனி ஒப்பந்தம் அப்போது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

கடிதங்களில் என்ன எழுதினான் என்பதும் எனக்குத் தெரியும். சமையலறையில் நான் ரசம் கொதிக்கவிடும்போது வாசித்துக் காட்டுவான். முதல் வரி எப்போதும் வானிலைதான். 'இண்டைக்குக் காலமை துவக்கம் மழை, குடை கொண்டுபோக மறந்திட்டன்.' 'இண்டைக்கு நெருப்பு வெயில், உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு.' அடுத்தது புளுகு. 'எனக்கெண்டு தனி அறை தந்திருக்கினம். இனி நிரந்தரம்தான் எண்டு கதைக்கினம்.' உண்மையில் கைகழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் பாதி மேசை கொடுத்திருந்தார்கள்.

"தனி அறைக்குக் குழாய் வசதியும் இருக்குன்னு சேர்த்து எழுதுங்க டாக்டர்" என்பேன். சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

1976 நவம்பரில் எல்லாம் வெடித்தது. இவனுடைய பூச்சு கல் மாதிரி இறுகியிருந்த சோதனைத் தகடுகளைப் பார்த்துவிட்டு, கம்பெனி பெரிய அளவில் கலந்து சோதித்தது. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்த வாரம். பூச்சு மாவாக உதிர்ந்தது. விரலால் தொட்டால் கையோடு வந்தது. இன்னொரு தடவை செய்தார்கள், அதுவும் மாவு. இதற்கு முன் எந்தெந்த நாள் இப்படி ஆகியிருக்கிறது என்று பார்க்க ரஸ்ஸல் அந்த நோட்டைத் திறந்தார். இருபத்தோரு மாத ஆராய்ச்சியில் ஒரு தோல்விகூட இல்லை. ஒரு அடித்தல் இல்லை. எல்லாம் ஒரே மை.

"இதில் எது நடந்தது, எது நீ எழுதியது?" என்று ரஸ்ஸல் கேட்டாராம். மறுநாள் ஆய்வுக்கூடச் சாவியைத் தற்காலிகமாகத் திருப்பிக் கேட்டார்கள். பிப்ரவரி முதல் வாரம் விசாரணை. அதுவரை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தான். இல்லாததை எழுதினவன் என்று ஓர் அறிக்கை போய்விட்டால், அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் எந்தப் பல்கலைக்கழகமும் அவனை உள்ளே விடாது.

சாவியைத் திருப்பிக் கொடுத்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் இதை என்னிடம் சொன்னான்.

"அந்த ரஃப் தாளெல்லாம் இருந்தா காட்டலாமே டாக்டர். மிச்சத்துல நான் மளிகைக் கணக்கு எழுதித் தூக்கிப் போட்டுட்டேன், கடிதமா போனதெல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

"கொக்குவில்ல. யோகாட்டை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம்தான் சங்கதி புரிந்தது. தான் புளுகவில்லை என்று காட்ட வேண்டுமென்றால் அந்தத் தாள்களைக் காட்ட வேண்டும். காட்டினால் கம்பெனி ரகசியத்தை இரண்டு வருடமாகக் கடல் கடந்து அனுப்பியவன் என்று ஆகிவிடும். இந்தப் பக்கம் போனாலும் சுவர், அந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஆனாலும் எழுதினான், என் கடிதங்கள் எல்லாவற்றையும் உடனே திருப்பி அனுப்பு என்று. காரணம் எழுதவில்லை. தூரத்தில் இருக்கிற புருஷன் எழுதிய கடிதங்களைத் திருப்பிக் கேட்டால் ஒரு பெண் என்ன நினைப்பாள் என்று அந்த மேதைக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. இரண்டு பேருமே மடையர்கள்.

ஜனவரி நடுவில் பதிவுத் தபாலில் பொதி வந்தது. அதோடு யோகாவின் குறிப்பு. அவள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். குறிப்பை அவன் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

'கடிதங்களைக் கேட்டதும் ரண்டு நாள் அழுதனான். பிறகு யோசிச்சன், வேற ஒருத்தி வந்திருந்தா இவர் கடிதங்களைக் கேக்கமாட்டார், பேசாமல் இருந்திடுவார். உங்களுக்குத் தேவையானது பின்பக்கம்தான். நான் அதையும் எப்பவும் வாசிக்கிறனான், கோவிக்க வேண்டாம். தொட்டித் தண்ணி மேசைக்கு வந்து பதினாலாம் தகடு நனைஞ்சுபோச்சு எண்டு பின்பக்கத்தில இருக்கு. தனி அறையில தொட்டி இராது எண்டு எனக்குத் தெரியும்.

'இன்னொரு விசயம். முன்பக்கத்தில நீங்கள் மழை எண்டு எழுதின நாளிலயெல்லாம் பின்பக்கத்தில பூச்சு இறுகியிருக்கு. வெயில் எண்டு எழுதின நாளிலயெல்லாம் மாவாப் போயிருக்கு. நூற்று இருபது கடிதத்தையும் அடுக்கிப் பாத்தனான். நாலுதான் பிசகுது. காத்தில ஈரம் இல்லாட்டி அது இறுகாது போல. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.'

ஒரு வேதியியல் டாக்டருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தகடுகள் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் காய்ந்தன. அவன் வெப்பத்தை அளந்தான், பூச்சில் கலக்கிற பிசின் வந்த பீப்பாய்களைச் சந்தேகப்பட்டான், ஈரத்தை அளக்கவில்லை. சரிவந்ததை மட்டும் எழுதிய நோட்டில் சரிவராததற்குக் காரணம் எப்படித் தெரியும்? குறிப்பை மறுபடி வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஈரம்தான் காரணம்னு மட்டும் சொல்லுங்க. கடிதத்தைக் காட்டாதீங்க" என்றேன்.

"எப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம் அண்ணை. திரும்பவும் புளுகச் சொல்லுறீங்களே? வீட்டுக்கு எழுதின புளுகே காணும், போதும்."

விசாரணைக்கு நானும் போக வேண்டியதாயிற்று. கடிதங்கள் தமிழில் இருந்தன. அவனே மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள். அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ரஸ்ஸலும் இன்னும் இரண்டு பேரும். தேதியும் வானிலையும் மட்டும் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர், நடுநடுவே சில கடிதங்களை முழுதாக வாசிக்கச் சொன்னார். ஒருவன் தன் பெண்டாட்டிக்கு எழுதியதை அவன் முன்னாலேயே அந்நியர்களுக்கு இங்கிலீஷில் சொன்னேன். 'உம்மட குரல் மறந்துபோகுமோ எண்டு பயமாக் கிடக்கு' என்பதைச் சொன்னேன். தனி அறையையும் சொன்னேன். ரஸ்ஸல் மேசையைப் பார்த்தார். சிவபாலன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுத்த கடிதத்தை எடுத்தேன்.

அன்றைக்கே ஈரத்துணி தொங்கவிட்ட பெட்டிக்குள் தகடுகளை வைத்துச் சோதித்தார்கள். மறுநாள் காலை பூச்சு கல்லாக இருந்தது.

முடிவு இப்படி வந்தது. சிவபாலன் பொய் எழுதவில்லை. கண்டுபிடிப்பு உண்மையானது, அது கம்பெனியுடையது. ஆனால் ரகசியத்தை நூற்று இருபது தடவை வெளியே அனுப்பியவனுக்கு இனி ஆய்வுக்கூடச் சாவி கிடையாது. தொழிற்சாலைத் தளத்தில், கலந்து வருகிற பெயிண்டைக் குச்சியால் கிளறிப் பார்த்து, சரி என்று டிக் போடுகிற வேலை ஒன்று காலியாக இருக்கிறது. நிரந்தர வேலை. விருப்பமானால் சேரலாம்.

"போடா நீயும் உன் வேலையும்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே!" என்று நான் கத்தினேன்.

"எங்க போறது அண்ணை? கண்டுபிடிச்சதை வெளியில சொல்லேலாது. ரண்டு வருசமா என்ன செய்தனீர் எண்டு கேட்டா வாயைத் திறக்கேலாது. விசா முடிய இன்னும் ஒன்பது நாள். நான் கையெழுத்துப் போட்டிட்டன்."

அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது எனக்கு. செய்யவில்லை. ரசத்தை எடுத்துவைத்தேன்.

இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஈரக் காற்றில் இறுகும் பூச்சு என்று லேபிளிலேயே அச்சடித்து அந்தப் பெயிண்ட் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த டப்பாக்களையும் அவன்தான் கிளறிப் பார்த்து டிக் போடுகிறான்.

யோகா அந்த வருடம் ஆகஸ்டில் வந்து சேர்ந்தாள். நான் வேறு ஃபிளாட்டுக்கு மாறியிருந்தேன். முதல் ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவள் கொண்டுவந்த பெட்டியை அவிழ்த்து, சேலைகளுக்கு நடுவிலிருந்து வெறும் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தாள். அவனுடைய கடிதங்களை ஊரில் வைத்திருந்த டின்.

"என்ரை கடிதங்கள் எங்க? இதுக்குள்ள திருப்பி வைக்க வேணும்" என்றாள்.

சிவபாலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். விசாரணை முடிந்ததும் நானாவது கம்பெனியிடம் அவற்றைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவை கம்பெனியின் இரும்பு அலமாரியில் கோப்பு எண் போட்டுப் பூட்டிக் கிடந்தன.

"அது கம்பனி வைச்சிருக்கு யோகா. தரமாட்டினம். பின்பக்கம் அவையின்ரை."

அவள் டின்னின் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"முன்பக்கம் என்ரை எல்லோ?" என்று கேட்டாள்.