குதிரை முழங்காலுக்குப் போட்ட இலை

1. இலங்கையில் கம்பளைக்கு மேலே, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பருவத்தில், சின்னம்மாவின் கணுக்காலில் அட்டை கடித்த இடம் புண்ணானது.
2. அதே நாட்களில் தோட்டத்துத் துரையின் குதிரைக்கும் முழங்காலில் காயம். குதிரைக்காரர் பாதையோரத்து இலையைப் பச்சையாக நசுக்கிக் கட்டினார். ஆறி வந்தது.
3. அதைப் பார்த்துச் சின்னம்மாவும் கட்டினாள். புண் வற்றத் தொடங்கியது.
4. கங்காணியான என் பெரியப்பா அந்தச் செடியை வேரோடு பிடுங்கச் சொன்னார்.
5. குதிரைக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி மட்டும் வேலி கட்டிக் காப்பாற்றப்பட்டது.

பெரியப்பா இதை வேறு வரிசையில் சொல்லுவார். அந்த வரிசையில் அவர் உத்தமர்.

தரையோடு ஒட்டி வளரும் செடி அது. இலையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும். மிதிபடும் இடத்தில்தான் செழிக்கும் என்பதால் கூலிக் குடும்பங்கள் குடியிருந்த லயத்தில் அதைச் சப்பாத்துப் பூண்டு என்றோம், எங்களில் யாரிடமும் காலில் போடச் சப்பாத்து இல்லாவிட்டாலும்.

துரை காப்பி நிரைகளைப் பார்க்க வருவதாக இருந்தது. களை என்று எதுவும் கண்ணில் படக் கூடாதென்று லயத்து வாசல்வரை பிடுங்கிக் கொளுத்தினார்கள். சின்னம்மா நொண்டிக்கொண்டே பெரியப்பா முன்னால் போய் நின்றாள்.

“மாமா, வாசல்ல நாலு செடி விட்டுருங்க. காலு இப்பத்தான் ஆறுது.”

“தொர கண்ணுல பட்டா என் கங்காணித்தனம் போயிரும், புள்ள.”

“குதிரைக்கு மட்டும் பாத்தி கட்டி வச்சிருக்காங்களே?”

“குதிர படுத்தா தொர நடக்கணும். நீ படுத்தா யாரு நடக்கணும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் சின்னம்மாவும் சிரித்தாள்.

மாலையில் பெரியப்பா ஒரு குவளையோடு வந்தார். குதிரையின் காயத்தைக் கழுவ இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் மிச்சம். “தொரைகிட்டயே கேட்டு வாங்கியாந்தேன்” என்றார். நான் அதைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கக் காட்டினேன். துரையிடமே மருந்து வாங்கக்கூடிய பெரியப்பா வேறு யாருக்கு இருக்கிறார்! சின்னம்மா அந்தத் தண்ணீரில் புண்ணைக் கழுவிக்கொண்டு தினமும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். நிற்காவிட்டால் அன்றைக்குக் கூலிக் கணக்கில் பேர் விழாது. புண் மறுபடி சீழ் பிடித்து எலும்புவரை போனது.

பிறகு நான் கண்டியில் மருந்து கலக்கப் பழகினேன். அந்த இலையின் துவர்ப்பு இரத்தத்தைக் கட்டும். வழவழப்பு புண்ணை மூடும். கசப்பு சீழை அடக்கும். பச்சை இலை நசுங்கும்போதுதான் அந்தக் கசப்பு வேலை செய்கிறது. கொதிக்கவைத்தால் செய்வதில்லை. இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிடுங்க ஏவிய கையும் குவளையை நீட்டிய கையும் ஒன்றே என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

இன்றைய நிலவரம் இது. சின்னம்மாவின் கணுக்கால் மடங்காது. காப்பியை இலைநோய் தின்றுவிட்டதால் களை பிடுங்குவாரில்லை. லயத்து வாசலெல்லாம் அந்தப் பூண்டு. பெரியப்பா தம் அட்டைக்கடிக்கு அதைத்தான் கட்டிக்கொள்கிறார். பச்சையாக நசுக்கி.