சொல்லாமல் விட்ட வரி

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. டிங்கர் பட்டறையில் நாள் முழுக்க நசுங்கிய வண்டிக் கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அதுவே தொண்டையாகிவிட்டது. "உப்பு எங்க?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்து நீட்டுவாள். கோயிலில் அவருக்கு 'மைக் செட்' என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவர், ஆராதனையில் சபையே சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை மட்டும் சொல்லமாட்டார். எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி. அது வந்தால் வாயை இறுக மூடிக்கொள்வார். எங்கள் வரிசையின் சத்தமே சட்டென்று அமுங்கிப்போகும். எனக்கு மானம் போகும்.

"அந்த வரி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பேன்.

"தம்பிய நான் மன்னிக்கல. ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

பதில் சொல்ல முடியாத நியாயமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வதில் மனுஷர் கெட்டிக்காரர்.

விஷயம் இதுதான். இவர் வேலையாக வெளியூர் போயிருந்தபோது மாமனார் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த என் கொழுந்தன் இவருக்குத் தகவல் சொல்லவில்லை. இவர் வந்து பார்த்தது மூடிய சவப்பெட்டியைத்தான். "அப்பாதான் சொல்ல வேணாம்னாரு. அண்ணன் பதறிப்போய் வண்டிய ஓட்டிட்டு வருவான்னு பயந்தாரு" என்றான் தம்பி. அன்றைக்கு நின்ற பேச்சு. ஒரே சபை, இவர் முன்னால், அவன் கடைசி வரிசையில். நானும் என் ஓரகத்தியும் கழிவறைப் பக்கம் ஒதுங்கித் திருட்டுத்தனமாக நாலு வார்த்தை பேசிக்கொள்வோம்.

இந்தக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் போதகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புதிதாக வந்தவர், எங்கள் வீட்டுக் கதை தெரியாது. இவரைக் கூப்பிட்டு, "ஜெபத்தை நீங்க வரி வரியாச் சொல்லுங்க, சபை பின்னால சொல்லட்டும்" என்று கிசுகிசுத்தார்.

இவர் போய் நின்று தொடங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த வரி வந்ததும் நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து முன்வரிசைக்காரர் ஒருவர் அடியெடுத்துக் கொடுத்தார்.

"தெரியும்!" என்று இவர் போட்ட சத்தத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

பிறகு கடைசி வரிசையைப் பார்த்தார். "ஏன்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

கொழுந்தன் எழுந்தான். மறுபடியும் அப்பாவைக் காரணம் காட்டப்போகிறான், கெட்டது காரியம் என்று நினைத்தேன்.

"சொல்லியிருக்கணும்ணே. அப்பா வேணாம்னாலும் நான் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலுக்குச் சொல்லிவிட்டு வருகிற ஆள் இல்லை. சொன்னால் மன்னித்ததாக அர்த்தம். பிறகு அந்த வரியைச் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். சபை திருப்பிச் சொன்னது. நான் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

மத்தியானம் இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில். நாற்காலி போதவில்லை என்று பட்டறையில் கிடந்த கார் சீட்டைத் தூக்கிவந்து போட்டோம். அண்ணனும் தம்பியும் அதில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்தும் இவர் எழுந்திருக்கவில்லை.

"கடைசி நாள்ல அப்பா என்ன பேசினாரு, என்ன சாப்பிட்டாரு, எல்லாத்தையும் சொல்லுடா" என்றார். "உன்னை விட்டா நான் யார்கிட்டடா கேப்பேன்?"

கொழுந்தன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். இவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.